கிரெடிட் கார்டுத் தவணையில் பெரிய பொருள் வாங்கலாமா? கடைக்குப் போகும் முன் எழுதிப் பார்க்க வேண்டிய கணக்கு

காரைக்குடி செக்காலைச் சாலையில் உள்ள வீட்டு உபயோகப் பொருள் கடைகளில் இப்போது விலை என்ன என்று கேட்டால், மாதம் எவ்வளவு என்றுதான் பதில் வருகிறது. ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டியிருக்கும் அட்டையில் மாதத் தொகை பெரிய எழுத்தில் இருக்கிறது. முழு விலையைக் குனிந்து தேட வேண்டியிருக்கிறது. சென்ற பங்குனியில் என் தமக்கை மகளுடன் (எனக்கு மருமகள் முறை) அப்படி ஒரு கடைக்குப் போயிருந்தேன். அவள் தேவகோட்டையில் தனியார் பள்ளி ஆசிரியை. பள்ளத்தூரில் அவளுடைய அம்மா இருக்கும் வீட்டுக்கு ஓர் ஏசியும் ஒரு ஃபிரிட்ஜும் வேண்டும். இரண்டும் சேர்ந்து 60,000 ரூபாய். விற்பனைப் பையன் அவளிடம் கார்டு இருக்கிறதா என்று கேட்டு, “மாசம் அஞ்சாயிரம்தான்க்கா, பன்னெண்டு மாசம், நோ காஸ்ட், வட்டியே கிடையாது” என்றான். அவள் என் பக்கம் திரும்பி, “மாமா, நோ காஸ்ட்னா வட்டி இல்லைதானே?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குக் கடையில் நின்றபடி ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டிய கணக்கையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

முப்பது ஆண்டுகளாகக் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டுத் தவணை ஒரு கடன். எந்தக் கடனையும்போல அதற்கும் ஒரு வட்டி வீதம் இருக்கிறது. அந்த வீதத்தைக் கண்டுபிடித்து, அது உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா என்று பார்த்த பிறகு வாங்கினால் தவறில்லை. வீதம் தெரியாமல் மாதத் தொகையை மட்டும் பார்த்து வாங்குவதுதான் தவறு.

எல்லாவற்றையும் ரூபாய் வட்டிக்கு மாற்றுங்கள்

நம் ஊர்ப்பக்கம் கடன் வாங்குகிறவர் யாராக இருந்தாலும் ‘எத்தனை ரூபாய் வட்டி’ என்றுதான் கேட்பார். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய், இரண்டு ரூபாய் என்பதே நமக்குப் பழகிய அளவுகோல். இரண்டு ரூபாய் வட்டி என்றால் யோசிப்போம்; மூன்று ரூபாய் என்றால் எழுந்து வந்துவிடுவோம். வங்கியோ ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று சொல்லும். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் நம் அளவுகோலுக்கு வந்துவிடும். கார்டுத் தவணைக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் என்றால் ஒன்றேகால் ரூபாய் வட்டி. 18 சதவீதம் என்றால் ஒன்றரை ரூபாய் வட்டி. கார்டு பாக்கியை முழுவதும் கட்டாமல் விட்டால் விழுகிற வட்டி பல கார்டுகளில் மாதத்துக்கு மூன்றரை ரூபாயை ஒட்டியது, அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம். தெருவில் ஒருவர் மூன்றரை ரூபாய் வட்டி கேட்டால் கந்துவட்டி என்று பேசுவோம். கையில் இருக்கும் அட்டைக்குள் அதே வட்டி இருப்பது நமக்கு உறைப்பதில்லை. இந்த வட்டிக்கு மேல்வரம்பும் கிடையாது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது.

என் ஐயா, அதாவது என் அப்பாவின் அப்பா, ஒரு வளவில், அதாவது செட்டிநாட்டுப் பெரிய வீடொன்றில், கணக்குப்பிள்ளையாக இருந்தவர். சிட்டையில் ஒரு பற்று எழுதினால் அதன் பக்கத்திலேயே வட்டி வீதத்தையும் எழுதாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டார். நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் லேவாதேவியில், அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலில், ‘நடப்பு வட்டி’ என்று ஒன்று இருந்தது. ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் கூடிப் பேசி அந்த வீதத்தை நிர்ணயிப்பார்கள். ஆகவே கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அது முன்கூட்டியே தெரியும். ‘தவணை’ என்ற சொல்லும் அந்தத் தொழிலில் குறித்த காலத்துக்குப் பணம் போட்டு வைப்பதற்கு வழங்கியதுதான். அந்தத் தவணையில் வீதம் வெளிப்படையாக இருந்தது. கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் இன்றைய தவணையில் அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

சாதாரணத் தவணையில் உண்மையில் எவ்வளவு கட்டுகிறோம்

60,000 ரூபாயை ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில், குறையும் அசலுக்கு வட்டி (மாதாமாதம் மீதியிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி) என்ற முறையில், 12 மாதத் தவணையாக மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 5,415 ரூபாய். பன்னிரண்டு மாதத்தில் கட்டுவது 64,986. இதில் வட்டி 4,986. பெரும்பாலானோர் இத்துடன் கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் கார்டுத் தவணையின் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வீட்டுக்கடன் வட்டிக்கோ நகைக்கடன் வட்டிக்கோ இந்த வரி கிடையாது. கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு. 4,986-க்கு வரி 897 ரூபாய். அதன்மேல் தவணையாக மாற்றித் தருவதற்கான பிராசசிங் கட்டணம் 199 என்று வைத்தால் அதற்கும் வரி சேர்ந்து 235. எல்லாம் சேர்த்துக் கூடுதலாகப் போவது ஏறத்தாழ 6,118 ரூபாய்.

இந்த வரி மாதாமாதம் பில்லில் தனி இனமாக ஏறும். முதல் மாதம் 60,000-க்கும் வட்டி விழுவதால் வட்டி 750, அதற்கு ஜிஎஸ்டி 135. ஆகவே மாதம் 5,415 என்று எதிர்பார்த்தவருக்கு முதல் பில்லில் 5,415-உடன் 135-உம், பிராசசிங் கட்டணமும் சேர்ந்து 5,785 ரூபாய் வரும். கடைசி மாதத்தில் வட்டி வெறும் 67 ரூபாயாகக் குறைந்துவிடும். வரியும் பன்னிரண்டு ரூபாய்தான். இதைத் தெரிந்துகொண்டால் முதல் பில்லைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டியதில்லை.

தவணைக் காலத்தை நீட்டினால் மாதத் தொகை இலேசாகத் தெரியும். அதே 60,000-ஐ 24 மாதமாக்கினால் மாதம் 2,909 ரூபாய்தான். ஆனால் கூடுதலாகப் போவது 11,824 ரூபாய். 6 மாதத்தில் முடித்தால் மாதம் 10,442 கட்ட வேண்டும். கூடுதலாகப் போவது 3,364. மாதம் எவ்வளவு முடியும் என்று கடைக்காரர் கேட்கும்போது நாம் சிறிய தொகையைச் சொன்னால், அவர் காலத்தை நீட்டித்தான் அந்தத் தொகைக்குக் கொண்டுவருவார். ஆகையால் எத்தனை மாதம் என்பதை முதலில் நீங்களே முடிவு செய்துகொண்டு போக வேண்டும்.

இன்னொரு கண்ணி, நேர்வட்டி. கடையில் பெரிய தொகை தேய்த்த சில நாளில், அதைத் தவணையாக மாற்றலாம் என்று குறுஞ்செய்தியோ போனோ வரும். ‘ஆண்டுக்கு 9 சதவீதம்தான்’ என்று சொன்னால், அது முழு அசலுக்கும் ஆண்டு முழுவதும் போடும் நேர்வட்டியா, குறையும் அசலுக்குப் போடும் வட்டியா என்று கேளுங்கள். 60,000-க்கு நேர்வட்டி 9 சதவீதம் என்றால் வட்டி 5,400. இது குறையும் அசல் கணக்கில் 16 சதவீதத்துக்குச் சற்று மேல் வரும். மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்து வட்டி கட்டுகிறோம் என்பதுதான் காரணம். கேட்பதற்குத் தயக்கமாக இருந்தால், மாதத் தவணையை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி அசலைக் கழித்துப் பாருங்கள்; மேலே சொன்ன 4,986-உடன் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

வட்டியில்லாத் தவணை

பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டி வேறு பெயரில், பெரும்பாலும் பிராசசிங் கட்டணமாக, வாடிக்கையாளர் தலையில்தான் ஏறுகிறது என்று அதில் எடுத்துக்காட்டியது. 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட கார்டு விதிமுறைகளில் இன்னும் தெளிவாக்கியது: தவணையாக மாற்றும் முன்பே அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வட்டியை ஈடுகட்டக் கடையோ வங்கியோ தரும் தள்ளுபடி எவ்வளவு என்று தனித்தனியே காட்ட வேண்டும், பில்லிலும் அப்படியே காட்ட வேண்டும், வட்டி உள்ள தவணையை வட்டியில்லாதது என்று மறைத்துச் சொல்லக்கூடாது.

நோ காஸ்ட் என்று சொல்லும் வட்டியில்லாத் தவணையில் நடைமுறையில் நடப்பது இதுதான். 60,000 ரூபாய்ப் பொருளுக்கு 12 மாதம் 5,000 வீதம் என்றால், வங்கி உங்கள் பெயரில் எழுதும் கடன் 60,000 அல்ல, சுமார் 55,397. மீதி 4,603 ரூபாய் வட்டி. அந்த வட்டித் தொகையைத் தயாரிப்பாளரோ கடையோ விலையில் தள்ளுபடியாகக் கொடுப்பதால், நீங்கள் கட்டும் மொத்தத் தவணை 60,000-க்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் வட்டிக்கான ஜிஎஸ்டியை யாரும் ஈடுகட்டுவதில்லை: அது 829 ரூபாய். பிராசசிங் கட்டணம் வரியோடு 235. ஆக, வட்டியில்லாத் தவணைக்கு 1,064 ரூபாய் கொடுக்கிறோம். இந்த அளவோடு நின்றால் மலிவான கடன்தான்; ஆண்டு வட்டியாகப் பார்த்தால் மூன்றேகால் சதவீதத்தை ஒட்டி வரும். உள்ளே இருக்கும் பெரிய தொகை வேறொன்று.

தவணையைப் பற்றி வாய் திறக்கும் முன்பு, முழுப் பணத்தையும் இப்போதே கொடுத்தால் என்ன விலை என்று கடை முதலாளியிடம் கேட்க வேண்டும். ரொக்கம் என்றால் நோட்டுக் கட்டு என்று பொருளில்லை. யுபிஐ, டெபிட் கார்டு, வங்கிப் பரிமாற்றம் எல்லாம் ரொக்க விலைதான். கிரெடிட் கார்டைத் தேய்த்தால் கடைக்காரர் விற்ற தொகையில் ஒரு பகுதியை வங்கிக்குக் கட்டணமாக இழக்கிறார். தவணைத் திட்டம் என்றால் தள்ளுபடியின் பங்கும் சில சமயம் அவர்மேல் விழுகிறது. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் செலுத்தினால் அந்தக் கட்டணம் இல்லை. ஆகவே கேட்டால் குறைப்பார். பெரிய சங்கிலிக் கடைகளில் குறைப்பது அரிது. முதலாளியே கல்லாவில் உட்காரும் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் குறைப்பார்கள்.

அன்று என் மருமகளுக்காக நான் கேட்டபோது அந்த முதலாளி சற்று யோசித்து, “இப்பவே யுபிஐ-ல போட்டா 57,000-க்குத் தரேண்ணே” என்றார். அதுதான் உண்மையான விலை. அப்படியானால் வட்டியில்லாத் தவணையின் உண்மையான செலவு 3,000-உம் 1,064-உம் சேர்ந்து 4,064 ரூபாய். 57,000 ரூபாய்க்குப் பன்னிரண்டு மாதத்தில் 61,064 கட்டுவது ஏறத்தாழ 13 சதவீத வட்டிக் கடன். நம் கணக்கில் ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். இதை எழுதிக் காட்டியபோது அவள் அந்தத் தாளை வாங்கி 3,000 என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

அந்த வட்டம்தான் தீர்மானிக்கும் இடம். ரொக்க விலையும் தவணை விலையும் ஒன்றேயானால் வட்டியில்லாத் தவணையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பணம் 7 சதவீத வைப்பில் இருந்தால் சுமார் ஆயிரம் ரூபாய் உங்களுக்கு மிச்சம்கூட ஆகும். பணம் சேமிப்புக் கணக்கிலேயே கிடப்பதானால் அங்கே கிடைக்கும் வட்டி இந்தச் செலவுக்கே சரியாகிவிடும். ரொக்க விலை குறைவானால் வித்தியாசத்தை வட்டியாகவே எழுதுங்கள். தள்ளுபடி விலையிலேயே கழிகிறதா, அல்லது சில மாதம் கழித்துக் கேஷ்பேக்காக வருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேஷ்பேக் என்றால் அது வரும் வரை நீங்கள் முழு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். வராமல் போனால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் அலைய வேண்டியிருக்கும்.

கார்டுக்குள் தவணை எப்படி உட்காருகிறது

வட்டியைவிட அதிகமாகப் பணம் போவது இங்கேதான். நானே பட்ட இடம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வாஷிங் மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கினேன். மாதம் 3,150 ரூபாய். மூன்றாம் மாத பில் 16,550 ரூபாய்க்கு வந்தது. அதில் தவணை 3,150. மீதி 13,400 அந்த மாதம் மளிகை, பெட்ரோல், மகன் கல்லூரிக் கட்டணம் என்று தேய்த்தது. கையில் பணம் முடையாக இருந்ததால், தவணையை மட்டும் தவறாமல் கட்டிவிட்டு மீதியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று 3,150 செலுத்தினேன். தவணை கட்டியாயிற்று என்ற நிம்மதியும் இருந்தது.

அடுத்த பில்லைப் பார்த்தபோதுதான் புரிந்தது. குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் போடுவது தவணையும் மீதிப் பாக்கியில் ஐந்து சதவீதமும் சேர்ந்தது: 3,150-உம் 670-உம் சேர்ந்து 3,820. நான் கட்டியது அதைவிடக் குறைவு. எனவே தாமதக் கட்டணம் விழுந்தது. 13,400-க்கு மூன்றரை ரூபாய் வட்டி, பில் தேதியிலிருந்து அல்ல, ஒவ்வொரு செலவையும் செய்த நாளிலிருந்தே விழுந்தது. அதோடு, பாக்கி இருக்கும் வரை புதிதாகத் தேய்க்கும் செலவுகளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது என்பதால், அந்த மாதம் வாங்கிய மளிகைக்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடியது. இவை அனைத்துக்கும் ஜிஎஸ்டி. மொத்தம் 1,800 ரூபாயை ஒட்டிப் போயிற்று. முழுவதையும் அடைத்த பிறகும், அதற்கடுத்த பில்லில் இடைப்பட்ட நாட்களின் வட்டி என்று ஒரு சிறு தொகை எட்டிப்பார்த்தது. வங்கியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய பெண் பொறுமையாக எல்லாம் விதிமுறையில் இருப்பதாகச் சொன்னார். விதிமுறையில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

ஆகவே இதை ஒரு நிபந்தனையாகவே வைத்துக்கொள்ளுங்கள்: கார்டு பில்லை மாதாமாதம் முழுவதும் கட்டும் பழக்கம் உள்ளவர் மட்டுமே கார்டுத் தவணை எடுக்க வேண்டும். தவணை எடுத்தபின் மாத பில் தவணையளவு கூடும் என்பதால், மற்றச் செலவுகளில் அந்த அளவைக் குறைத்தால்தான் பில் பழைய நிலையில் இருக்கும். நான் இப்போது தவணைக்கு என்று தனியாக ஒரு கார்டை வைத்திருக்கிறேன். அந்தத் தவணை முடியும் வரை அதில் வேறு எதையும் தேய்ப்பதில்லை. பில்லும் தவணையும் ஒன்றாகவே வருவதால் குழப்பத்துக்கு இடமில்லை.

வரம்பையும் கவனியுங்கள். ஒரு லட்சம் வரம்புள்ள கார்டில் 60,000-க்குத் தவணை எடுத்தால், அவ்வளவு வரம்பும் அடைபட்டு, தவணை கட்டக் கட்டத்தான் திறக்கும். மீதி 40,000-இல் வழக்கம்போல 30,000 தேய்த்தால் வரம்பில் தொண்ணூறு சதவீதம் பயன்படுத்துகிறவர் என்று, கடன் வாங்குகிறவர்களுக்கு மதிப்பெண் போடும் சிபில் நிறுவனத்துக்குப் போகும், மதிப்பெண் இறங்கும். வீட்டுக்கடனோ கல்விக் கடனோ கேட்கப் போகும் ஆண்டில் இதைத் தவிர்ப்பது நல்லது. திடீர் மருத்துவச் செலவுக்குக் கார்டையே நம்பியிருப்பவர்களும் அடைபட்ட வரம்பை நினைத்துப் பார்க்க வேண்டும். தவணைக்கு மாற்றிய தொகைக்குப் பல கார்டுகளில் ரிவார்டு பாயிண்ட் கிடையாது.

கார்டைக் கொடுக்கும் நிமிடத்தில்

மிஷினில் தேய்க்கும் முன்பே தவணை என்று தேர்ந்தெடுத்தால், வெளியே வரும் சீட்டில் கடன் தொகை, எத்தனை மாதம், வட்டி வீதம், மாதத் தவணை, மொத்தம் கட்ட வேண்டியது, தள்ளுபடி அல்லது கேஷ்பேக் எல்லாம் அச்சாகும். கையெழுத்துக்கு முன் அதை வாங்கிப் படியுங்கள். பின்னால் ஆள் நிற்கிறாரே என்று அவசரப்படாதீர்கள். கடன் தொகை 60,000 என்று இருந்து, வாயால் சொன்னது வட்டியில்லாத் தவணை என்றால், தள்ளுபடி கழிக்கப்படவில்லை என்று பொருள். அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். அந்தச் சீட்டு வெப்பத் தாளில் அச்சாவதால் நம் ஊர் வெயிலில் சில மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். வீட்டுக்கு வந்ததும், முடிந்தால் கடையிலேயே, போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடை பில்லிலும் தள்ளுபடி தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சில சமயம் விற்பனையாளர் சாதாரணமாகத் தேய்த்துவிட்டு, ஆப்பில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்பார். அப்படி மாற்றுவது வட்டியில்லாத் தவணை ஆகாது. வங்கியின் சாதாரண வட்டியில்தான் மாறும். அதற்கும் கெடு உண்டு. தாமதித்தால் முழுத் தொகையும் அந்த மாத பில்லில் வந்து நிற்கும். நகைக்கடையில் தேய்த்ததைப் பெரும்பாலான கார்டுகளில் தவணையாக மாற்ற முடியாது. கல்யாணத்துக்கு நகையும் சாமானும் சேர்த்து வாங்குகிறவர்கள் இதை மறந்துவிட்டு மாதக் கடைசியில் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கல்யாணம் என்றதும் இன்னொன்று. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைக்கும் வழக்கம் உள்ள நம் பகுதியில், பித்தளையும் எவர்சில்வரும் இருந்த வரிசையில் இன்று ஃபிரிட்ஜும் டிவியும் ஏறிவிட்டன. முகூர்த்த நாள் குறித்தபின் கடைக்குப் போகிறவருக்குப் பேரம் பேசும் தெம்பு இருக்காது. பாத்திரங்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்த குடும்பங்கள் இவற்றுக்கும் வங்கியில் தொடர்வைப்பு ஒன்றைப் போட்டு வைத்தால், கடைசி வாரத்தில் கார்டை நீட்ட வேண்டியிருக்காது.

வேறு வழிகளோடு ஒப்பிட்டால்

வங்கி நகைக்கடன் பல இடங்களில் ஆண்டுக்கு 9, 10 சதவீத அளவில் கிடைக்கிறது. அதாவது முக்கால் ரூபாய் வட்டிக்குச் சற்று மேல். வட்டிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. பெட்டகத்தில் தூங்கும் நகை இருந்து, குறித்த நாளில் மீட்கும் உறுதியும் இருந்தால், கார்டுத் தவணையைவிட இது மலிவு. மீட்கத் தவறினால் போவது நகை என்பதால், சம்பளம் நிலையாக வராதவருக்கு இதை நான் சொல்லமாட்டேன். வைப்புத்தொகையை முறித்து ரொக்க விலையில் வாங்குவது பெரும்பாலும் சாதாரணத் தவணையைவிட இலாபம்: முறிப்பதால் இழப்பது வட்டியில் ஒரு சதவீதம் போல, தவணையில் கொடுப்பது 15 சதவீதமும் வரியும்.

என் மருமகள் கையில் 40,000 ரூபாய் இருந்தது. அதை முழுவதும் துடைத்துக் கொடுக்கவும் மனமில்லை, அது சரியும்கூட. முதலாளியிடம் மறுபடி பேசினோம். பாதியை யுபிஐ-யிலும் பாதியைக் கார்டிலும் கொடுப்பதாகச் சொன்னதும் அவர் 57,500-க்கு இசைந்தார். 30,500 ரூபாயை அங்கேயே போனில் செலுத்திவிட்டு, 27,000-ஐ மட்டும் 15 சதவீதச் சாதாரண வட்டியில் 6 மாதத் தவணையாக்கினாள். மாதம் 4,699, வட்டி 1,194, வரி 215, பிராசசிங் கட்டணம் 235. எல்லாம் சேர்த்து 59,144 ரூபாயில் இரண்டு பொருளும் வீட்டுக்கு வந்தன. வட்டியில்லாத் தவணையில் 61,064 ஆகியிருக்கும். வட்டி உள்ள தவணை, வட்டியில்லாத் தவணையைவிட 1,900 ரூபாய்க்கு மேல் மலிவாக முடிந்தது. கடனும் ஆறு மாதத்தில் தீர்ந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு வழியிலும் பணம் கொடுக்கலாம் என்பதைப் பலர் கேட்டே பார்ப்பதில்லை.

எடுத்தபின் கவனிக்க வேண்டியவை

போனஸ் வந்தது, முன்கூட்டியே முடித்துவிடலாம் என்று தோன்றினால், முதலில் முன்முடிப்புக் கட்டணத்தைக் கேளுங்கள். மீதி அசலில் 3 சதவீதமும் அதற்கு வரியும் என்று வைத்துப் பார்ப்போம். முதலில் சொன்ன 60,000 ரூபாய்த் தவணையை நான்காம் மாத முடிவில் அடைத்தால், மீதி அசல் 40,985-க்குக் கட்டணமும் வரியும் 1,451. மிச்சமாகும் வட்டியும் வரியும் 2,760. ஆயிரத்து முந்நூறு ரூபாய் இலாபம். எட்டாம் மாத முடிவில் அடைத்தால் கட்டணம் 743, மிச்சம் 779. முப்பத்தாறு ரூபாய்க்காகப் பணத்தை முன்னால் கொடுப்பதாகும். பாதியைத் தாண்டிய தவணையைப் பெரும்பாலும் அதன் போக்கிலேயே விட்டுவிடலாம்.

பொருளைத் திருப்பிக் கொடுத்தால், கடை பணத்தைக் கார்டில் வரவு வைத்ததும் தவணையும் தானாக நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். வரவு ஒரு பக்கம் இருக்க, தவணை மறுபக்கம் ஓடிக்கொண்டே இருக்கக்கூடும். வங்கிக்குச் சொல்லித் தவணையை ரத்து செய்து, புகார் எண்ணை எழுதி வையுங்கள். பிராசசிங் கட்டணமும் அதுவரை கட்டிய வட்டியும் பொதுவாகத் திரும்பி வராது. சொன்னதற்கு மாறாக வட்டியோ கட்டணமோ போட்டிருந்தால், முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டாலோ, கிடைத்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் வழிகாட்டுவார்கள். படமெடுத்து வைத்த அந்தச் சீட்டு அப்போதுதான் உதவும்.

கடைசித் தவணை கட்டிய மாதத்தோடு நிறுத்திவிடாமல், அதற்கடுத்த மாத பில்லையும் திறந்து பாருங்கள். தவணைக்கான பதிவு மறைந்திருக்க வேண்டும். அடைபட்ட வரம்பு முழுவதும் திரும்பியிருக்க வேண்டும். என் மருமகள் புரட்டாசியில் அந்த பில்லைப் போனில் எனக்கு அனுப்பியிருந்தாள். தவணை நிலுவை என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது.